பெயர் கேட்டால் காரணம் கேளுங்கள்: ஆட்டிசப் பதிவேடு பற்றிக் கேள்வி பதில்

கம்பம் பள்ளத்தாக்கிலும் மேலே குமுளி, வண்டிப்பெரியார், பீர்மேடு பக்கத்திலும் இருக்கும் பெற்றோர் அனுப்பிய கேள்விகள் இவை. நான் 14 வருடமாகச் சிறப்பாசிரியர். என் மகனுக்கு இப்போது 19 வயது. மூன்றரை வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். அன்றிலிருந்து அவனுக்கும் மற்ற பிள்ளைகளுக்குமாக நான் நிரப்பிய படிவங்களுக்குக் கணக்கில்லை. மருத்துவம் பற்றி நான் பேச மாட்டேன். படிவம், பதிவு, பட்டியல், அதில் நம் பிள்ளையின் பெயர் கடைசியில் எங்கே போய் நிற்கிறது என்பதைப் பற்றிக் கேளுங்கள்.

கேள்வி (கூடலூர், ஒரு அம்மா): அமெரிக்காவில் ஆட்டிசம் இருப்பவர்களை எல்லாம் அரசாங்கம் பட்டியல் எடுக்கிறது என்று செய்தியில் பார்த்தேன். இங்கேயும் வருமா டீச்சர்? பயமாக இருக்கிறது.

பதில்: 2025 ஏப்ரலில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் இயக்குநர் ஜே பட்டாச்சார்யா ஓர் ஆய்வுத் திட்டத்தை அறிவித்தார். மருத்துவமனைப் பதிவு, மருந்துக்கடைப் பதிவு, காப்பீட்டுக் கணக்கு, கையில் கட்டும் ஸ்மார்ட் வாட்ச் தகவல் வரை ஒரே இடத்தில் சேர்த்து ஆட்டிசத்தை ஆராய்வது என்று திட்டம். அதோடு ஆட்டிசப் பதிவேடு ஒன்றும் வரும் என்று பேச்சு கிளம்பியதும் பெற்றோரும் ஆட்டிசம் உள்ளவர்களும் கொதித்துப் போனார்கள். சில நாளிலேயே, பதிவேடு எதுவும் போடவில்லை என்று அந்நாட்டுச் சுகாதாரத் துறை சொல்லிவிட்டது. ஆனால் அடுத்த மாதமே, அரசுக் காப்பீட்டில் இருப்பவர்களின் தகவலை ஆட்டிச ஆய்வுக்கு இணைக்கும் ஏற்பாட்டை அறிவித்தார்கள். இல்லினாய் மாநில ஆளுநர் அதே மே மாதத்தில், தன் மாநில அலுவலகங்கள் ஆட்டிசத் தகவலைத் தேவையில்லாமல் திரட்டக்கூடாது, வெளியே கொடுக்கக்கூடாது என்று உத்தரவு போட்டார். நியூஜெர்சியில் பல வருடங்களாகவே ஒரு பதிவேடு இருக்கிறது. அங்கே மருத்துவர் கண்டிப்பாகப் பதிய வேண்டும். ஆனால் பெயர் வேண்டாம் என்று பெற்றோர் சொன்னால், பெயரில்லாமல் பதிவார்கள். அந்த ஒரு வசதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கேயும் வருமா என்று கேட்கிறீர்கள். இங்கே ஏற்கெனவே இருக்கிறது, அம்மா. நாமே வரிசையில் நின்று பதிந்திருக்கிறோம். யுடிஐடி கார்டு என்று மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டையைப் பையில் வைத்திருக்கிறோமே, அதுதான். 1995 சட்டத்தில் ஆட்டிசம் என்ற பெயரே கிடையாது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைச் சொன்னது, அதில் ஆட்டிசமும் ஒன்று. பிள்ளையின் பெயர், போட்டோ, முகவரி, ஆதார், என்ன வகை, எத்தனை சதவீதம் எல்லாம் அந்த 18 இலக்க எண்ணின் பின்னால் இருக்கிறது. யாரும் நம்மைக் கட்டாயப்படுத்திப் பதியவில்லை, உண்மைதான். ஆனால் 2023 ஏப்ரலிலிருந்து மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசுத் திட்டங்கள் பலவற்றில் உதவி வேண்டுமென்றால் அந்த எண் வேண்டும். சம்மதம் என்ற வார்த்தைக்கு அங்கே எவ்வளவு பொருள் மிச்சம் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

கேள்வி (கம்பம், ஒரு அப்பா): அப்படியென்றால் யுடிஐடி எடுக்கலாமா, வேண்டாமா?

பதில்: எடுங்கள். பஸ் சலுகை, தேர்வில் கூடுதல் நேரம், மாத உதவித்தொகை, 1 லட்சம் ரூபாய் வரையிலான நிராமயா மருத்துவக் காப்பீடு, பழைய முறையில் வருமான வரி கட்டுபவர் என்றால் வரிக் கழிவு, இதையெல்லாம் கேட்கப் போகும் இடத்தில் சான்றிதழ் இல்லாமல் ஒன்றும் நகராது. பயந்துகொண்டு உரிமையை விட்டுவிடாதீர்கள்.

எடுத்த பிறகு அதை என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் என் கவலை. போன வருடம் ஒரு பையனின் சான்றிதழைப் பிரிண்ட் எடுக்க ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அங்கிருந்த தம்பி கோப்பைத் தேடுவதற்காக டவுன்லோட்ஸ் பக்கத்தைத் திறந்து மேலும் கீழும் தள்ளினார். திரை முழுக்கப் பிள்ளைகள். பெயருக்குப் பக்கத்திலேயே ஆட்டிசம், பிறகு ஊர், பிறகு அப்பாவின் போன் எண். அதுவே கோப்பின் பெயர். நான் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பின்னால் ரீசார்ஜ் செய்ய வந்த நான்கு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அந்தத் தம்பி கெட்டவர் இல்லை. அழிக்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். வேலை முடிந்ததும் கோப்பை உங்கள் கண் முன்னால் அழிக்கச் சொல்லுங்கள். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யச் சொல்லுங்கள். சான்றிதழை வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள். ஆபீஸரே கேட்டாலும், நேரில் கொண்டு வருகிறேன் சார் என்று சொல்லுங்கள்.

கேள்வி (தேவதானப்பட்டி): எங்கள் பையனுக்கு 35 சதவீதம்தான் போட்டார்கள். எப்படிக் கூட்டுவது?

பதில்: மதிப்பீட்டில் குறை என்றால் மேல்முறையீடு செய்யச் சட்டத்தில் இடம் இருக்கிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். சதவீதத்தைப் பற்றி நான் பேசுவது சரியில்லை.

கேள்வி (குமுளி): தடுப்பூசியால்தான் ஆட்டிசம் வருகிறதாமே?

பதில்: இல்லை. அடுத்த கேள்வி.

கேள்வி (சின்னமனூர், ஒரு அம்மா): யுடிஐடி எடுப்பது நல்லதா டீச்சர்?

பதில்: கம்பம் அப்பாவுக்குச் சொன்ன பதில்தான். எடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள்.

கேள்வி (உத்தமபாளையம், ஒரு அம்மா): பள்ளிக்கூடத்தில் டீச்சர் போனில் ஏதோ டிக் அடித்துக்கொண்டு, உங்கள் பிள்ளைக்குச் சந்தேகம் இருக்கிறது என்றார். எங்களிடம் முன்னால் கேட்கவே இல்லை. சரியா?

பதில்: கேட்காமல் செய்தது சரியில்லை. அது பெரும்பாலும் பிரஷஸ்த் செயலியாக இருக்கும். 2022-இல் என்சிஇஆர்டி கொண்டுவந்தது. 21 வகைகளில் எதற்காவது அறிகுறி இருக்கிறதா என்று ஆசிரியர் பார்க்கும் பட்டியல் அது. முதல் கட்டச் சோதனை மட்டும்தான், நோயறிதல் கிடையாது. ஆனால் டிக் அடித்த குறி குறிதான். மாணவர் விவரங்களைப் பதியும் அரசுத் தளம் தமிழ்நாட்டில் எமிஸ், மேலே கேரளப் பள்ளி என்றால் சம்பூர்ணா, இரண்டிலும் பிள்ளைக்கு ஒரு கணக்கு உண்டு. சிறப்புத் தேவை உள்ள பிள்ளையா, என்ன வகை என்றும் பள்ளிப் பதிவில் கேட்கிறார்கள். தலைமையாசிரியரிடம் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுங்கள்: என் பிள்ளையைப் பற்றி எதில் என்ன பதிந்திருக்கிறீர்கள், யார் பார்க்க முடியும், சந்தேகம் இல்லை என்று ஆகிவிட்டால் எப்படி நீக்குவீர்கள். சண்டை வேண்டாம். கேட்டால் போதும், அடுத்த பிள்ளைக்கு அவர்களே யோசிப்பார்கள்.

இது கம்ப்யூட்டரோடு வந்த சங்கதி என்றும் நினைக்காதீர்கள். நான் முன்பு போய்வந்த ஒரு பள்ளியில் வருகைப் பதிவேட்டில் ஒரு பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் 'ஆ' என்று எழுதி வட்டம் போட்டிருந்தார்கள். வகுப்பு லீடர் பையன் ஆபீஸ் அறையிலிருந்து அந்த நோட்டை எடுத்து வரும் வழியில் பார்த்துவிட்டான். மறுநாளிலிருந்து அந்தப் பிள்ளைக்கு அதுவே பட்டப்பெயர். எட்டாம் வகுப்பு முடிகிற வரை போகவில்லை.

கேள்வி (வண்டிப்பெரியார், ஒரு அண்ணன்): மூத்தவனுக்கு ஆட்டிசம். அவனுக்குக் கீழே இரண்டு பெண்கள். பஞ்சாயத்து போர்டில் பயனாளிகள் பட்டியல் ஒட்டும்போது பெயரோடு ஆட்டிசம் என்றும் போட்டுவிட்டார்கள். எஸ்டேட் லயத்தில் எல்லாரும் படித்தாயிற்று. நாளைக்கு என் பெண்களுக்கு வரன் பார்க்கும்போது இதையே சொல்லித் தட்டிக்கழிப்பார்கள். பெயரை எடுக்கச் சொல்லலாமா?

பதில்: சொல்லலாம், அண்ணே. ஆட்டிசம் ஒளித்து வைக்க வேண்டிய விஷயம் என்று நான் சொல்லவில்லை. என் மகனைப் பற்றி நான் ஊர் முழுக்கப் பேசுகிறேன். ஆனால் அது நான் எடுத்த முடிவு. உங்களுக்காக நோட்டீஸ் போர்டு அந்த முடிவை எடுக்கக்கூடாது. உதவி யாருக்குப் போகிறது என்று ஊருக்குத் தெரிய, பெயரும் திட்டமும் போதும். என்ன குறைபாடு, எத்தனை சதவீதம் என்ற இரண்டு கட்டமும் அந்தத் தாளில் எதற்கு? செயலாளருக்கு எழுதுங்கள். அந்த இரண்டு கட்டத்தை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி (குமுளி, முன்னாள் வார்டு மெம்பர்): டீச்சர் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பட்டியல் ஒட்டாத காலத்தில் செத்துப்போனவர் பெயரில் பென்ஷன் வாங்கியதை நான் பிடித்திருக்கிறேன். கிராம சபையில் பெயர் வாசித்தால்தான் திருடன் வெளியே வருவான். எல்லாவற்றையும் மறைத்தால் யாருக்கு லாபம்?

பதில்: நீங்கள் சொல்வதில் பாதிக்கு மேல் சரி, ஐயா. தகவல் உரிமைச் சட்டம் 4-ஆவது பிரிவே மானியத் திட்டங்களின் பயனாளிகள் விவரத்தை அரசாங்கம் தானாக வெளியிட வேண்டும் என்கிறது. அதற்காகப் பாடுபட்டவர்களை நான் மதிக்கிறேன். நான் கேட்பது ஒன்றுதான். பெயரை வாசியுங்கள், தொகையை வாசியுங்கள். வியாதிச் சீட்டு மாதிரி வகையை வாசிக்காதீர்கள். செத்தவர் பெயரில் பணம் போகிறதா என்று பிடிக்க, அவருக்கு ஆட்டிசமா பார்வைக் குறைபாடா என்பது தேவைப்படாது.

அதே முன்னாள் மெம்பர்: தேவைப்படும். போலிச் சான்றிதழ் வாங்கியவனை எப்படிப் பிடிப்பது? நன்றாக நடந்து போகிறவன் கால் ஊனம் என்று வாங்கினால் வகை போட்டிருந்தால்தானே ஊர் சொல்லும்?

பதில்: ஆட்டிசத்தில் அந்த வழி எங்கே கொண்டுபோய் விடும் என்று பாருங்கள். என் மகன் நடப்பான், ஓடுவான், மலையாளத்திலும் தமிழிலும் பஸ் போர்டைப் படிப்பான். பார்க்கிறவர் கண்ணுக்கு அவன் 'நன்றாக இருக்கிற பையன்'. போர்டில் பட்டியலைப் படித்துவிட்டு, இவனுக்கு என்ன குறை, காசுக்காகப் போட்டிருக்கிறார்கள் என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். நான் கேட்டிருக்கிறேன். ஆட்டிசத்துக்கு மதிப்பெண் போட 40 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோல் இருக்கிறது, ஐசா என்று பெயர். உளவியலாளர் உட்கார்ந்து பார்த்துப் போடுகிற மதிப்பெண்ணை டீக்கடை பெஞ்சு திருத்த முடியாது. போலி பிடிப்பது மெடிக்கல் போர்டின் வேலை, தணிக்கையின் வேலை.

கேள்வி (நெடுங்கண்டம், ஆர்டிஐ மனு போடும் ஒரு தம்பி): மெம்பர் ஐயா பக்கம்தான் நான். தனியுரிமை என்று சொல்லிச் சொல்லியே 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், பொதுநலனுக்குத் தேவையென்றால் தனிப்பட்ட தகவலையும் கொடுக்கலாம் என்ற வரியைத் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவிலிருந்து வெட்டிவிட்டார்கள். இப்போது எது கேட்டாலும் 'தனிப்பட்ட தகவல்' என்று மனுவைத் திருப்புவார்கள். உங்களைப் போன்றவர்கள் பேச்சுதான் அவர்களுக்கு உதவுகிறது.

பதில்: இந்தக் கோபம் நியாயம், தம்பி. அந்தத் திருத்தம் தப்பு என்று நானும் சொல்கிறேன். அதிகாரியின் சொத்துக் கணக்கை மறைக்கவும் அதே வார்த்தைதான், என் மகனின் மதிப்பெண்ணை மறைக்கவும் அதே வார்த்தைதான் என்றால், பலசாலி முதலில் ஒளிந்துகொள்வான். ஆனால் அந்தச் சட்டம் எங்களுக்கும் பெரிதாக ஒன்றும் கொடுத்துவிடவில்லை. உடல்நலத் தகவல் என்று தனியாக ஓர் அடுக்குப் பாதுகாப்பு அதில் இல்லை. உதவி, மானியம், சான்றிதழ் கொடுக்க அரசு தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் தகவலைப் புதிதாகச் சம்மதம் கேட்காமலே பயன்படுத்த 7-ஆவது பிரிவு வழி விடுகிறது. அரசு அறிவிக்கும் அமைப்புகளுக்கு 17-ஆவது பிரிவில் விலக்கும் உண்டு. மேலே இருப்பவர் தகவல் கீழே தெரியாது, கீழே இருப்பவர் தகவல் எல்லாருக்கும் தெரியும் என்று ஆகிவிட்டது. நாம் இருவரும் ஒரே பக்கம் நிற்க வேண்டியவர்கள்.

கேள்வி (குமுளி, கணக்கெடுப்பு வேலை பார்த்த ஒரு சகோதரி): கணக்கே எடுக்கக்கூடாது என்கிறீர்களா? எத்தனை பிள்ளைகள் என்று தெரியாமல் தெரபி சென்டர் எப்படி வரும்? கேரளம் 2015-இல் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனியாகக் கணக்கெடுப்பு நடத்தியதால்தான் எத்தனை பேர் என்று தெரிந்தது.

பதில்: எண்ணிக்கை வேறு, பெயர்ப் பட்டியல் வேறு. பீர்மேடு தாலுகாவில் இத்தனை பேர், இத்தனை வயதில் என்று தெரிந்தால் சென்டர் கட்டலாம், ஆள் போடலாம். அதற்குப் பெயர் வேண்டாம். நியூஜெர்சியைச் சொன்னேனே, அதற்காகத்தான் சொன்னேன். பெயர் எடுத்தாலும் எடுத்த வேலை முடிந்ததும் பிரித்து வைக்க வேண்டும். இதை நம் பக்கத்து நீதிமன்றமே செய்து காட்டியிருக்கிறது. 2020 ஏப்ரலில் கொரோனா நேரத்தில் கேரள அரசு மக்களின் உடல்நலத் தகவலை ஸ்பிரிங்க்ளர் என்ற அமெரிக்க நிறுவனத்தின் மென்பொருளில் ஏற்றியது. வழக்கு வந்தது. அடையாளம் தெரியாதபடி பெயரை நீக்கிய பிறகே அந்த நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டும், வெளியார் பார்ப்பார்கள் என்று மக்களிடம் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. கொள்ளைநோய்க் காலத்தில் முடிந்தது, சாதாரண நாளில் முடியாதா?

கேள்வி (உசிலம்பட்டியிலிருந்து வந்து கம்பத்தில் குடியிருக்கும் ஒரு பெரியவர்): அம்மாடி, பட்டியலில் பெயர் ஏறினால் என்ன ஆகிவிடும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். எங்கள் பாட்டன் பெயர் ரேகைச் சட்டத்தில் ஏறியிருந்தது. என் பேரனுக்கு ஆட்டிசம். என் மருமகள் கைரேகை வைக்கக் கூட்டிப் போனபோது எனக்கு வயிறு கலங்கியது. நான் நினைப்பது தப்பா?

பதில்: தப்பில்லை, ஐயா. உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். ரேகைச் சட்டம் என்று நம் பக்கம் சொல்வது குற்றப்பரம்பரைச் சட்டம். ஒரு சாதியில் பிறந்த குற்றத்துக்காகப் பெயரையும் விரல் ரேகையையும் எடுத்து, ராத்திரி காவல் நிலையத்தில் வந்து படு என்றார்கள். அதற்கு ரேகை வைக்க மாட்டோம் என்று நின்றதற்காக 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி பெருங்காமநல்லூரில் சுட்டார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947-இல்தான் போயிற்று. பட்டியல் போட்டவர்கள் அதையும் நிர்வாக வசதி என்றுதான் சொன்னார்கள்.

நம் பிள்ளைகள் பக்கமும் ஒரு கதை உண்டு. 1939 ஆகஸ்டில் ஜெர்மனியில் மருத்துவர்களும் மருத்துவச்சிகளும் குறைபாடு உள்ள சின்னக் குழந்தைகளைப் படிவத்தில் எழுதி அனுப்ப வேண்டும் என்று உத்தரவு வந்தது. அந்தப் படிவங்களை வைத்துத்தான் எந்தக் குழந்தையைக் கொல்வது என்று முடிவு செய்தார்கள். ஆட்டிசத்தோடு பெயர் சேர்ந்துபோன ஆஸ்பெர்கர் என்ற மருத்துவரே வியன்னாவில் அப்படிக் கொன்ற இடத்துக்குப் பிள்ளைகளை அனுப்பினார் என்பதை 2018-இல் ஆதாரத்தோடு எழுதினார்கள்.

உங்கள் பேரனின் கார்டு அதுவல்ல. அது உதவிக்கு வந்தது, மருமகள் செய்தது சரி. ஆனால் பட்டியல் போடுகிறவர் மாறுவார், பட்டியல் அப்படியே இருக்கும். உங்கள் வயிறு கலங்கியதைச் சின்ன விஷயம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

கேள்வி (சுருளிப்பட்டி): ஆஸ்பத்திரியில் ஆபா எண் (மருத்துவப் பதிவுகளை இணைக்கும் டிஜிட்டல் சுகாதாரக் கணக்கு எண்) கட்டாயம் என்கிறார்களே?

பதில்: ஆபா விருப்பத்தின் பேரில்தான். இல்லை என்பதற்காக வைத்தியம் மறுக்க முடியாது.

கேள்வி (போடி): இன்சூரன்ஸ் எடுக்கும்போது ஆட்டிசம் என்று சொல்லாமல் விடலாமா?

பதில்: கூடாது. கேட்ட கேள்விக்குப் பொய் எழுதினால் நாளைக்குப் பணம் வராது. நிராமயா பாருங்கள், அதற்கு மருத்துவப் பரிசோதனை கிடையாது.

கேள்வி (கொச்சியில் வேலை பார்க்கும் ஒரு தம்பி, சொந்த ஊர் கூடலூர்): எனக்கு 26 வயதில்தான் ஆட்டிசம் என்று தெரிந்தது. தனியார் உளவியலாளர் சொன்னார். வீட்டிலும் ஆபீஸிலும் சொல்லவில்லை. அரசுப் பதிவில் ஏற வேண்டுமா?

பதில்: உங்களை மாதிரி ஒருவர் கேட்க மாட்டாரா என்று காத்திருந்தேன், தம்பி. நாங்கள் பெற்றோர்கள் பேசிப் பேசி, ஆட்டிசம் உள்ளவர் வாயால் கேட்பதே அரிதாகிவிட்டது.

பதிய வேண்டும் என்று எந்தச் சட்டமும் உங்களைச் சொல்லவில்லை. தனியாரிடம் தெரிந்துகொண்டது தானாக யுடிஐடியில் ஏறாது. நீங்கள் விண்ணப்பித்தால்தான் ஏறும். அரசு வேலை இடஒதுக்கீடு வேண்டுமா? 4 சதவீதத்தில் ஒரு சதவீதம் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லாவற்றுக்கும் சேர்த்து. அதற்கு 40 சதவீதமாவது இருக்க வேண்டும். அது தேவையென்றால் எடுங்கள். விளக்கு வெளிச்சம், சத்தம், உட்காரும் இடம் இதில் மாற்றம் வேண்டும் என்றால் முதலில் ஆபீஸில் அதை மட்டும் கேட்டுப் பாருங்கள். காரணத்தின் பெயரைச் சொல்லாமலும் அதைக் கேட்கலாம்.

இன்னொன்று. 2024 விதிப்படி கார்டுக்கு நிறம் வைத்திருக்கிறார்கள்: 40 சதவீதத்துக்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 80-க்குக் கீழ் வரை மஞ்சள், 80-உம் அதற்கு மேலும் நீலம். பஸ்ஸில் பர்ஸைத் திறந்து காட்டும்போது படிக்கத் தெரியாதவருக்கும் தெரியும். அது உங்களுக்குச் சரி என்றால் சரி. அவசரமே இல்லை. பதிந்த பெயரை எடுத்துக் கொடுத்ததை இத்தனை வருடத்தில் நான் பார்த்ததில்லை.

கேள்வி (ஆண்டிபட்டி): ஆய்வுக்கு என்று காலேஜ் பிள்ளைகள் வந்து மகளின் விவரத்தை எழுதிப் போனார்கள். போட்டோவும் எடுத்தார்கள்.

பதில்: 2016 சட்டத்தின் 6-ஆவது பிரிவு, தெரிந்து கொடுத்த சம்மதம் இல்லாமல் ஆய்வு கூடாது என்கிறது. அதற்கென்று உள்ள குழுவின் முன்அனுமதியும் வேண்டும். காலேஜுக்கு எழுதி அந்தக் காகிதத்தைக் கேளுங்கள். இல்லையென்றால் போட்டோவை அழிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி (கம்பம், ஒரு அம்மா): மகனுக்கு அடுத்த மாதம் 18 முடிகிறது. இனிமேல் அவன் படிவத்தில் யார் கையெழுத்து போட வேண்டும்? நான் அம்மா என்பது போதாதா?

பதில்: போதாது என்று கேட்கும்போது எனக்கும் வலித்தது. 18-க்குப் பிறகு அவனே போட முடிந்தால் அவன்தான். முடியாது என்றால் 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் காப்பாளர் உத்தரவு வாங்க வேண்டும். தரவுச் சட்டத்திலும் மாற்றுத்திறனாளிக்குச் சட்டப்படி காப்பாளர் இருந்தால்தான் அவர் சம்மதம் சொல்ல முடியும்.

காப்பாளர் மனுவுக்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். படிவத்தை அவனுக்கு வாசித்துக் காட்டுங்கள். போன மாதம் ஒரு படிவத்தை மேஜையில் வைத்து என் மகனுக்கு ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துச் சொன்னேன். பெயர், ஊர், பிறந்த தேதி வரை பேசாமல் இருந்தான். குறைபாட்டின் வகை என்ற கட்டத்துக்கு வந்ததும் என் விரலை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, "இதை யார் படிப்பாங்க?" என்று கேட்டான். எனக்குத் தெரிந்த பெயர்களைச் சொன்னேன். மூன்று பேரைத்தான் சொல்ல முடிந்தது. அவன் யோசித்துவிட்டு மெதுவாகக் கையெழுத்துப் போட்டான். ஒரு எழுத்துக்கு ஒரு நிமிடம் ஆயிற்று.

இன்னும் ஐந்து பேர் யுடிஐடி எடுக்கலாமா என்று கேட்டு, கூடவே சான்றிதழின் போட்டோவை எனக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறீர்கள். ஐந்தையும் அழித்துவிட்டேன். உங்கள் போனிலும் அழித்துவிடுங்கள். கார்டை எடுங்கள்.